கழுத்துப் பொன்னும் கணக்கேடும்

அண்மையில் ஓரிரவு எம் விடுதியில் மாணவர் சிலர் கூடி, அமெரிக்க ராப் பாடகருள் பெருஞ்செல்வர் யாவர் என வாதிடலாயினர். ஒருவர் பொற்சங்கிலிகளை எண்ணினார்; ஒருவர் மோட்டார் வண்டிகளை எண்ணினார்; மற்றொருவர் பத்திரிகையிற் கண்ட கோடிகளை ஒப்பித்தார். அப்பாடகர்க்கு உரிமையாய் உள்ளது யாது, அவர் பிறர்க்குக் கொடுக்கவேண்டிய கடன் யாது என்று வினவினார் ஒருவருமிலர். யானும் வினவிற்றிலேன். அக்குறையை நிரப்புதற்கே இச்சிறு கட்டுரை எழுதப் புகுந்தேன்.

ராப் கலை 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்பார் இசை நடத்திய ஒரு கேளிக்கையிற் பிறந்ததெனக் கூறுவது மரபு. அப்பகுதி மக்களிற் பலர் வறியர். வங்கிகள் வீட்டுக்கடன் வழங்க மறுத்த தெருக்களில் வாழ்ந்தோர். நிலமும் வீடும் எய்தற்கரியவாயின், எய்தியதனைக் கழுத்தில் அணிந்து காட்டுதல் மாந்தர்க்கு இயல்பே. ஆதலின் அவர்தம் பொன்னணியை எள்ளி நகையாடுதல் தகாது. ஆயினும், அணி வேறு, செல்வம் வேறு.

இதற்கு எம்.சி. ஹாமர் என்பாரின் வரலாறே சான்று. 1990-இல் வெளிவந்த அவரது இசைத்தொகுதி 1 கோடிப் படிகளுக்குமேல் விலையாயிற்று. மாளிகை எழுந்தது, ஏவலர் கூட்டம் பெருகிற்று. 1996-இல் அவர் கடனிறுக்க இயலாது நீதிமன்றத்தை அடைந்தார். வருவாய் ஆறுபோல வந்தது, அணையொன்றும் இல்லை.

இசைக் கம்பெனிகளின் ஒப்பந்தமும் ஈண்டு நோக்கற்பாலது. அவை வழங்கும் முன்பணம் பரிசன்று. பின்னர்ப் பாடகர் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளப்படுவது. மூலப்பதிவின் உரிமையோ பெரும்பாலும் கம்பெனிக்கே. பாட்டு ஊரெங்கும் ஒலித்தும் பாடியவர் கை வெறுமையாயிருத்தல் இதனானே நிகழ்வது.

இதனை உணர்ந்தோர் உரிமையையே நாடினர். மாஸ்டர் பி என்பார் மூலப்பதிவுகளைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். ஜே-ஸீ தம் தோழர் இருவருடன் தாமே ஒரு கம்பெனி தொடங்கி, 1996-இல் முதல் தொகுதியை வெளியிட்டார். அவர் கூட்டாகத் தொடங்கிய ஆடை வணிகத்தின் பெயருரிமை 2007-இல் 20 கோடியே 40 இலட்சம் டாலருக்கு விலையாயிற்று. 2019-இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவரை 100 கோடி டாலர் உடையார் என அறிவித்தது. டாக்டர் டிரே 2006-இல் ஜிம்மி அயோவினுடன் நிறுவிய பீட்ஸ் கம்பெனியை 2014-இல் ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கிற்று. இவர்தம் பெருஞ்செல்வம் பாட்டின் கூலியன்று. பாட்டால் வந்த புகழைப் பங்குரிமையாக மாற்றியதன் பயனாம்.

இனி, அளவுகோலை ஆராய்வோம். 2014-இல் டிரேயின் ஆண்டு வருவாய், வரிக்கு முன், 62 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி ஒரே விற்பனையால் வந்தது. ஓராண்டு மழையை ஏரியின் ஆழமெனக் கொள்ளலாமோ? சொத்துமதிப்போ, பங்குகள் இன்ன விலைபோகும் என்னும் மதிப்பீட்டினின்று கடனைக் கழித்துக் காண்பது. அதுவும் நிலையாதது. கான்யே வெஸ்ட் 2020-இல் 100 கோடியாளர் பட்டியலில் ஏறினார். அவர்தம் யூத வெறுப்புரைகளின் பின் 2022-இல் அடிடாஸ் உறவை முறிக்கவே, அப்பட்டியலினின்று இறங்கினார். 2015-இல் கடன்முறிவு வேண்டிய 50 சென்ட், பணக்கட்டுகளுடன் தம் படங்களை வெளியிட, நீதிபதி விளக்கம் கேட்டார். அவை காட்சிக்குரிய பொய்ப்பணம் என்பதே அவர் அளித்த விடை! காட்சியைச் செல்வமெனக் கொள்வார்க்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

உரிமையொன்றே போதுமோ எனின், போதாது என்பேன். ஜே-ஸீயின் செல்வத்தில் மதுவணிகத்தின் பங்கும் பெரிது. 2021-இல் தம் ஷாம்பேன் கம்பெனியிற் பாதியை அவர் எல்.வி.எம்.எச். குழுமத்திற்கு விற்றார். எப்பொருளால் வந்ததெனக் கணக்கேடு வினவாது. நாம் வினவுதல் கடன்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து நிப்சி ஹசல் அப்பட்டியலில் ஏறியவரல்லர். அவர் 2013-இல் தம் தொகுதியொன்றின் 1,000 படிகளை, படி 100 டாலராக விற்றார். தாம் வளர்ந்த பகுதியில் தம் கடை இருந்த வணிக வளாகத்தையே கூட்டாளிகளுடன் வாங்கினார். அப்பகுதியினர்க்கு வேலையும் நல்கினார். 2019 மார்ச்சு 31-இல் அக்கடையின் முன்னரே சுடப்பட்டு மாண்டார். அவர் செல்வத்தை அளக்கப் பட்டியலினும் அத்தெருவே ஏற்ற இடமென்பது என் துணிபு.

நண்பர்காள்! நம்மிற் சிலர் விரைவிற் பொருளீட்டப் புகுவோம். இன்னான் எவ்வளவு உடையான் என உலகம் வினவுங்கால், எதற்கு உரியன், எவர்க்குக் கடன்பட்டான், அவனால் உயர்ந்தார் யாவர் என்னும் மூன்றனையும் உடன் வினவுவோமாக. அவ்விரவின் வாதம் அப்பொழுதே முடிவுறும்.