சோற்றுக்கு இரு விலையா?

உல்லை என நம்மவர் வழங்கும் அறுகம்பேயில், கட்சிப் பணி நிமித்தம் சென்ற இரு நாள்களும் இரு வேறு கடைகளில் மதிய உணவு அருந்தினோம். முதற் கடையில் விலை தமிழில் எழுதப்பட்டிருந்தது. மீனவரும் அலைச்சறுக்க வந்த வெள்ளையரும் ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே சோறும் மீன் ஆணமும் உண்டு, ஒரே விலை கொடுத்தனர்.

மற்றக் கடையின் பலகையிலோ தமிழுமில்லை, விலையுமில்லை. அதே சோற்றுக்கு எம்மிடம் பெற்றதன் இருமடங்கை அயலில் இருந்த அந்நியரிடம் பெற்றனர். அவர் அறியார், நாம் அறிந்தோம், நாணினோம்.

பருவம் ஏறக்குறைய ஆறு மாதம், மாரியில் வியாபாரமில்லை என்பர். உண்மையே. அவ்வாறாயின் விலையை எல்லார்க்கும் வெளிப்படையாக உயர்த்துக. முகம் பார்த்து உயர்த்தற்க. விலையைப் பலரும் காண வைத்தல் வேண்டுமென்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் விதி.

தமிழும் அரச கரும மொழியென 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறியது. அது தனியார் கடைப் பலகையைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தமிழ் பேசும் ஊரில், நம் கடையிலேயே தமிழை எழுதாதுவிட்டு, அரசாங்கக் கந்தோரில் அதனைக் கேட்க நமக்கு வாயுண்டா?

அடுத்த பருவத்திற்கு முன் வர்த்தகர்களைப் பொத்துவில் பிரதேச சபை அழைத்துப் பேசட்டும். ஒவ்வொரு கடையிலும் தமிழ் முதலாக ஒரே விலைப் பலகை தொங்கட்டும். பிறரிடம் நியாயம் கேட்கும் சமூகம் முதலில் தன் கல்லாப்பெட்டியில் நியாயம் செய்தல் வேண்டும்.