ஓரம் எங்கே இருக்கிறது?

எங்கள் காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. வண்டிகள் அதற்கு முன்பே பெருகிவிட்டன. கூடவே தெருச் சண்டையும்தான். நடந்து போகிறவரைக் கண்டால் பைக்காரருக்கு எரிச்சல். பைக்கைக் கண்டால் சைக்கிளில் போகும் பிள்ளைக்குப் பயம். சைக்கிள்காரர் மணி அடிக்காமல் உரசிக்கொண்டு போகிறார் என்று நடப்பவருக்குக் கோபம். உண்மையில் தப்பு எங்கே இருக்கிறது?

கடைத்தெருவில் ஒரு பையன், "ஓரமாப் போங்க ஆச்சி" என்று பைக்கில் இருந்தபடியே கத்தினான். அந்த ஆச்சி திரும்பிப் பார்த்து, "ஓரம் எங்கப்பா இருக்கு? இருந்தாப் போக மாட்டேனா?" என்றார். விஷயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது.

தெருவின் ஓரத்தைக் கடைப்படியும், விளம்பரப் பலகையும், நிறுத்தி வைத்த பைக்குகளும் எடுத்துக்கொண்டன. நடப்பவர் தார் ரோட்டில் இறங்குகிறார். அவருக்கு ஒதுங்கி சைக்கிள் நடுவே வருகிறது. பின்னால் வரும் காரும் பஸ்சும் ஹார்ன் அடிக்கின்றன. தட்டில் சோறு குறைந்தால் நல்ல பிள்ளைகளும் அடித்துக்கொள்ளத்தானே செய்யும்! இதுவும் அப்படித்தான், இடம் போதாத சண்டை.

சண்டை வாயோடு முடிந்தால் பரவாயில்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 32,825 பேர் சும்மா நடந்து போனவர்கள். நாளொன்றுக்கு 90 பேர்! சைக்கிளில் போனவர்கள் 4,836 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடுதான் முதலிடம்.

நமக்குப் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுத்தார். கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலைக்குப் போகிறவர்களும் சைக்கிள் ஏறினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று ஆண்கள் சைக்கிளையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. பஸ்சுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திராமல் போய் வர முடிந்தது. அதன் பின் அரசு 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-06-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் எல்லோருக்கும் விரிவாக்கியது.

சைக்கிள் கிடைத்தது, அது போக வழி கிடைக்கவில்லை. "ரோடு இருக்கிற இருப்புல எப்படி அனுப்புறது?" என்று எங்கள் தெருத் தாய்மார்கள் பயந்து, சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு ஸ்கூட்டி வாங்கித் தருகிறார்கள். அந்த ஸ்கூட்டியால் தெரு இன்னும் நெருக்கமாகிறது. அடுத்த வீட்டுத் தாய்க்கும் பயம் வருகிறது. அவரும் ஸ்கூட்டி வாங்குகிறார். 18 வயது ஆகாத பிள்ளை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது ஆபத்தில் முடிகிறது.

நடைபாதையை மீட்பது என்றதும் முதலில் பூக்காரம்மாவையும் கீரைக்காரரையும் விரட்டுகிறார்களே, அது நியாயமில்லை. அவர்கள் பிழைப்பைக் காக்க 2014-ல் சட்டமே வந்திருக்கிறது. அவர்கள் ஒரு கூடை அளவு இடம் கேட்கிறார்கள். வரிசையாக நிற்கும் பைக்குகள் தெருவையே அடைக்கின்றன. எது முதலில் நகர வேண்டும்?

பயமில்லாத நடைபாதை வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் காருக்கு இருந்த இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்கு அகலமான பாதை போட்டார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

சகோதரிகளே, நகரங்களில் வார்டுதோறும் பகுதி சபை என்று ஒன்று 2022 நவம்பர் 1-ல் முதல்முறையாகக் கூட்டப்பட்டது. குடிதண்ணீர், சாக்கடையோடு இதையும் அங்கே கேட்போம். பள்ளிக்கூடம் இருக்கும் தெருக்களிலாவது ஒரு பக்கம் வண்டி நிறுத்தக் கூடாது, வேகத்தடை வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம். கூடவே, நம் வீட்டு வண்டியை நடைபாதையில் நிறுத்த வேண்டாம் என்று கணவரிடமும் பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொல்வோம். சொல்வீர்கள்தானே?

- ஒரு வாசகி, காரைக்குடி.