சுளுக்குதானே என்று விட்டுவிடலாமா?

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சரக்கு வண்டியிலிருந்து குதித்து இறங்கும்போதோ, ஈரமான கடைப்படியில் கால் வைக்கும்போதோ, பரணில் உள்ள டின்னை எடுக்க ஸ்டூலில் ஏறி இறங்கும்போதோ நம்மில் பலருக்குக் கால் மடங்கியிருக்கும். இரவில் கணுக்கால் வீங்கும். தைலம் தடவிப் படுப்போம். விடியற்காலை பால் வண்டி வந்துவிடும். நொண்டிக்கொண்டே ஷட்டரைத் தூக்குவோம். வீக்கம் பத்து நாளில் வடிந்துவிடும். வலியோ ஆறு மாதம், ஒரு வருடம் என்று கூடவே இருந்துவிடும். கால் போன பிறகு கடை ஏது? ஆகவே இந்த வலியைப் பற்றியும் வணிகர்களாகிய நாம் ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுவது நல்லது.

இருங்காட்டுக்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1998இல் இங்கே ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆலைகள் பெருகின. ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கும், ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கும் அரிசி பருப்பு கொடுக்க, இந்தப் பகுதி மளிகைக் கடைகள் விடிந்ததிலிருந்து இரவு வெகு நேரம் வரை திறந்திருக்கின்றன. ஆலையில் வேலை செய்யும் இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டு விடுப்பு எடுக்க நேர்ந்தால், சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். அவருக்கு அரிசி நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை. கடையை ஒரு நாள் மூடினால் அன்றைய வியாபாரம் போகும். மூன்று நாள் மூடினால் வாடிக்கையும் பக்கத்துக் கடைக்குப் போகும். இந்தப் பயம்தான் அடிபட்ட காலோடு நம்மை நிற்க வைக்கிறது. பயம் நியாயமானதே. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை அதிகம்.

கணுக்காலில் எலும்பையும் எலும்பையும் இழுத்துப் பிடித்திருப்பவை நார்கள். பாதம் உட்பக்கமாக மடங்கும்போது வெளிப்பக்க நார்கள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. சில சமயம் கிழிந்தும் விடுகின்றன. இதைத்தான் நாம் சுளுக்கு என்கிறோம். பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் நுண்ணிய நரம்பு முனைகளும் இந்த நார்களில் உண்டு. அடிபட்டபின் அந்தச் சேதி மந்தமாகிவிடுகிறது. மேடு பள்ளத்தில் கால் வைத்ததும் சுதாரிக்க முடியாமல் அதே கால் மறுபடியும் மடங்குகிறது. வலி தீராமல் நீடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரையில், சுளுக்கு ஏற்பட்டு ஓராண்டு கழிந்தும் 5 முதல் 33 சதவீதம் பேருக்கு வலி இருந்ததாகக் கூறப்பட்டுள்ளது. ஆகவே நாட்பட்ட வலி என்பது நம் கற்பனையும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எலும்பு முறிந்திருக்கிறதா என்பதை. இதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் எளிய விதிமுறை ஒன்றை வகுத்தார்கள். கணுக்காலின் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின் ஓரத்திலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும், மருத்துவரிடம் போன பிறகும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். பாதத்தின் நடு எலும்புகளிலும், சுண்டுவிரலுக்கு நேர் பின்னே பாதத்தின் வெளி ஓரத்தில் முட்டி நிற்கும் எலும்பிலும் வலி இருந்தாலும் அப்படியே. நம் பக்கத்தில் பலர் நேரே புத்தூர் கட்டுக்குப் போகிறார்கள். தலைமுறை தலைமுறையாக மக்கள் நம்பி வரும் முறை அது. அதைக் குறை கூற நாம் வரவில்லை. எங்கே கட்டுப் போடுவதானாலும் எக்ஸ்ரே படம் ஒன்று கையில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறோம். வீங்கிய அன்றே சுளுக்கு வழிக்கிறேன் என்று அழுத்தி உருவிவிடுவதும், சூடு வைப்பதும் வேண்டாம். உள்ளே கசியும் இரத்தமும் வீக்கமும் கூடும்.

சர்க்கரை நோய் உள்ள வணிகர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எலும்பு நொறுங்கினாலும் வலி தெரியாமல் போகலாம். கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, வலி மட்டும் குறைவாக இருந்தால் அதை நல்ல செய்தி என்று எண்ணிவிடக் கூடாது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முறிவு இல்லை என்று தெரிந்தபின் இரண்டு விதமாகத் தவறு நேர்கிறது. மறுநாளே பழையபடி பன்னிரண்டு மணி நேரம் நிற்பது ஒன்று. மாதக்கணக்கில் கட்டைப் பிரிக்காமல் காலை அசைக்காமலே வைத்திருப்பது மற்றொன்று. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978இல் எழுதிப் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். முழு ஓய்வும் ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். முதல் இரண்டு மூன்று நாள் காலுக்குப் பாரம் கொடுக்காமல் இருந்து, பிறகு வலி தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கப் பழக வேண்டும் என்பதே இன்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வழி.

பயிற்சிக்குக் காசு செலவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே காற்றில் கால் பெருவிரலால் அ, ஆ என்று எழுதலாம். கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பும். வலி குறைந்தபின் மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். அதன்பின் அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் நிற்கப் பழகலாம். பிடிமானத்துக்கு மேசை பக்கத்திலேயே இருக்கட்டும். மந்தமாகிப்போன அந்தச் சேதியை மீட்டுத் தருவது இந்தப் பயிற்சிதான். வலி விட்டதும் இதையும் விட்டுவிடாமல் ஆறு வாரமாவது தொடர வேண்டும். அதற்கும் மசியாத வலி என்றால் இயன்முறை மருத்துவரையும் எலும்பு மருத்துவரையும் பார்ப்பதில் கூச்சம் எதற்கு?

இனி கடைக்குள் வருவோம். அடிபட்டவர் குணமாகவும், அடிபடாதவர் கால் தேயாமல் இருக்கவும் கடையில் நாற்காலி வேண்டும். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் நாள் முழுதும் நின்ற பெண் பணியாளர்களுக்காகப் பி. விஜி போன்றோர் போராடினார்கள். 2018இல் அங்கே உட்காரும் உரிமை சட்டத்தில் ஏறியது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22அ பிரிவைச் சேர்த்து நம் அரசும் பணியாளருக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. சட்டத்துக்குப் பயந்து உடைந்த ஸ்டூலை மூலையில் போட்டுவைப்பதால் யாருக்கு என்ன பயன்? உட்கார்ந்து நிறுக்கும் உயரத்தில் தராசும், அடிக்கடி கேட்கும் சரக்கு கைக்கெட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் நிற்கும்போது கடைக்காரர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று சிலர் வாதிடலாம். நம் பாட்டன்மார் மணையில் உட்கார்ந்தபடியேதான் மளிகை வியாபாரம் செய்தார்கள். யாரும் அதை மரியாதைக் குறைவு என்று எண்ணவில்லை. சரியான எடையும் முகமலர்ச்சியும் இருந்தால் உட்கார்ந்து கொடுத்தாலும் வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.

மூட்டைக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பங்களுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ சிப்பங்கள் சந்தைக்கு வந்ததை நாம் அறிவோம். ஒரு கிலோவில் வரிக்கணக்கே மாறுகிறது என்று தெரிந்துகொண்ட நாம், கணுக்காலின் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். தலைச்சுமையாக மூட்டையைச் சுமந்து படி இறங்குகிறவரின் பாதம் தடுமாறினால் அத்தனை பாரமும் அந்த நார்களின் மேல் விழுகிறது. ஒரு தள்ளுவண்டியும், படிக்குப் பதில் ஒரு சாய்தளமும், பிய்ந்த செருப்புக்குப் பதில் பின்கட்டு உள்ள செருப்பும் அப்படி ஒன்றும் பெரிய செலவல்ல.

நிறைவாக, சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். தனி ஆளாகக் கடை நடத்துகிறவரிடம் மூன்று நாள் காலைத் தொங்கவிடாமல் இருங்கள் என்று சொல்வது எளிது. அவர் இடத்தில் யார் நிற்பது? அடிபட்ட உறுப்பினரின் கடைக்கு அக்கம்பக்கத்துக் கடைகள் முறை வைத்து ஒரு பையனை அரை நாள் அனுப்பலாம். கொள்முதலுக்குப் போகிறவர் அவருக்கும் சேர்த்துச் சரக்கு எடுத்து வரலாம். மே 5 வணிகர் தினத்தில் கொடியேற்றுவதோடு எலும்பு மருத்துவ முகாம் ஒன்றும் நடத்தலாம். ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை, சிறு வணிகருக்குச் சங்கம் ஓரளவாவது தர முடியும். சந்தா ரசீதுக்கு அதைவிட நல்ல பொருள் வேறு என்ன இருக்கிறது?