பத்து கிலோமீட்டருக்குள் எதுவும் இல்லையா?

கல் குவாரியோ தொழிற்பேட்டையோ அகலச் சாலையோ வருவதற்கு முன், ஓர் ஆலோசனை நிறுவனம் வந்து மண்ணைப் பார்த்துச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதுகிறது. அந்த அறிக்கையில், எழுதியவர்களின் பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் அட்டவணையாக இருக்கும். பல ஆண்டுகளாக என் பெயரும் அப்படிப்பட்ட அட்டவணைகளில் வருகிறது. நான் படித்தது தொல்லியல். அட்டவணையில் என் பெயருக்கு நேரே இருப்பது ‘சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு’.

இதில் நிறுவனத்தின் தவறு எதுவும் இல்லை. ஆலோசனை நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருவது இந்தியத் தரக் கவுன்சிலின் கீழுள்ள நாபெட் வாரியம். நிபுணர் தேவைப்படும் துறைகள் என்று அது 12 துறைகளை வகுத்திருக்கிறது. காற்று மாசு, நீர் மாசு, இரைச்சல், நிலப் பயன்பாடு, மண் வளம், புவியியல் அமைப்பு, நிலத்தடி நீர், உயிரினப் பன்மை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தொல்லியல் அதில் கிடையாது. தொல்லியல் படித்தவனை ஒரு நிறுவனம் வேலைக்கு எடுத்தால் வேறு ஏதாவது ஒரு கட்டத்தில்தான் உட்கார வைக்க முடியும். நான் வீடு வீடாகப் போய் மாட்டையும் வருமானத்தையும் கணக்கெடுக்கிறேன்.

அப்படியானால் அறிக்கையில் தொல்லியல் பகுதியை யார் எழுதுகிறார்கள்? பெரும்பாலும் கணினி முன் உட்கார்ந்திருப்பவர். திட்ட இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் உண்டா என்று மத்திய, மாநிலப் பட்டியல்களில் தேடுவார். கிடைக்கவில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார். சட்டப்படி அது பொய்யும் அல்ல. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டமும் அறிவிக்கப்பட்ட சின்னங்களைத்தான் காக்கின்றன. மத்தியச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. யாரும் இன்னும் பார்க்காத ஒன்றுக்கு ஒரு மீட்டர்கூடக் கிடையாது.

எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் யாரும் பார்க்காதவைதான் அதிகம். கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயப்பாளையம் பக்கம் கணக்கெடுப்புக்குப் போகும்போது என் கண் ரேஷன் கார்டைவிடக் கொல்லையைத்தான் முதலில் பார்க்கும். மரவள்ளிக் கொல்லை ஓரத்தில் இடுப்பளவுகூட இல்லாத உருண்டைக் கற்கள் கிடக்கும். ஒரு கல்லை மட்டும் பார்த்தால், நிலத்தைத் திருத்தியபோது ஒதுக்கிப்போட்ட பாறை என்றுதான் தோன்றும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மூன்று நான்கு கற்கள் ஒரே வளைவில் நிற்பது புலப்படும். மீதி வட்டத்தை வரப்பு விழுங்கியிருக்கும். உழவில் மேலே வந்த ஓட்டை எடுத்து மண்ணைத் துடைத்தால் உட்புறம் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் வரும் நிறம் அது. பக்கத்திலேயே, அளவுக்கு மீறிக் கனக்கும், துளை விழுந்த இரும்புக் கசடு. இத்தனையும் சேர்ந்தால் அது இரும்புக் காலத்து ஈமக்காடு. ஜேசிபிக்கு அது அரை நாள் வேலை.

மலைமேல் போனால் கதை இன்னும் நீளும். வடதமிழக மலைகளில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் போட்ட கல்திட்டைகளை வாலியர் வீடு, பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று ஊருக்கு ஒரு பெயரில் சொல்வார்கள். “அங்க நாங்க ஏர் ஓட்ட மாட்டோம் சார், அது முன்னோருங்க இருந்த எடம்” என்று வெள்ளிமலைப் பக்கம் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். எந்தச் சட்டமும் காப்பாற்றாத இடத்தை அந்த ஒரு வரி காப்பாற்றி வைத்திருக்கிறது. என் படிவத்தில் அதை எழுத இடமில்லை. ‘கலாசார நம்பிக்கைகள்’ என்ற வரியில் சேர்த்தேன். இறுதி அறிக்கையில் அந்த வரி வரவில்லை.

ஒரு குன்றைப் பார்க்காமல் விட்டால் எவ்வளவு போகும் என்பதற்குச் சாட்சி இதே மாவட்டத்தில், திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் இருக்கிறது. அசோகரின் கல்வெட்டுகளில் சேர, சோழ, பாண்டியரோடு சத்தியபுத்திரர் என்று ஒருவர் வருகிறார். அவர் யார் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். ஜம்பைக் குன்றில் அதியமான் நெடுமான் அஞ்சி கற்படுக்கை கொடுத்த செய்தியைச் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டு 1981-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் அவனுக்குச் சத்தியபுத்திரர் என்ற பட்டம் இருந்தது, வாதம் முடிந்தது. 1980-இல் அந்தக் குன்றுக்குக் குவாரி உரிமம் கேட்டு யாராவது மனுப் போட்டிருந்தால், இன்றைய முறைப்படி அறிக்கையில் ‘இல்லை’ என்றுதான் வந்திருக்கும்.

முன்கூட்டிப் பதிவு செய்வதன் மதிப்பை வீரசோழபுரமும் சொல்லும். அவ்வூர்ச் சிவன் கோவிலிலிருந்து போன சிலைகள் அமெரிக்காவில் இருப்பதை 2022-இல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கண்டறிந்தபோது, கைகொடுத்தவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்து வைத்த புகைப்படங்கள். ஒருவர் கேமராவோடு போயிருந்ததால் உரிமை கோர முடிந்தது. கல்வட்டத்துக்கு அப்படி ஒரு படம்கூட இல்லை.

வெளிநாட்டில் இந்த வேலை ஒரு முழுத் தொழில். அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தால், மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள திட்டங்கள் முன்கூட்டியே மரபுச் சின்னங்களைப் பற்றி ஆராய வேண்டும். அதை நம்பியே நூற்றுக்கணக்கான ஆலோசனை நிறுவனங்கள் வளர்ந்தன. அங்கே பொறுப்புத் தொல்லியலாளருக்கு முதுநிலைப் பட்டத்தோடு ஓராண்டு முழுநேர அனுபவமும், மேற்பார்வையில் செய்த களப்பணியும், எடுத்த ஆய்வை எழுதி முடித்த சான்றும் வேண்டும். இங்கிலாந்தில் 1990 முதல், கட்டடம் கட்டுகிறவரே தோண்டிப் பதிவு செய்யும் செலவையும் ஏற்கிறார்.

அந்தத் தகுதிப் பட்டியலை அப்படியே இங்கே இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் தொல்லியலை வளர்த்தவர்கள் பல தொழிலிலிருந்து வந்தவர்கள். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஊழியர். தமிழ் பிராமிக்கு ஆயுளைக் கொடுத்த ஐராவதம் மகாதேவன் சட்டம் படித்து ஐஏஎஸ் ஆனவர். கீழடி மண்ணில் கிடைத்த பொருள்களை 1970களிலேயே அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஆகவே பட்டத்தை மட்டும் பார்க்கும் விதி நமக்குப் பொருந்தாது. அதற்காக ‘ஆர்வலர்’ போதும் என்றும் விட முடியாது. ஆர்வலர் கையெழுத்துக்கு நீதிமன்றத்தில் எடை இல்லை.

எனக்குத் தோன்றும் தகுதி இது. மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயமோ, ஒரு பல்கலைக்கழகத்தின் தொல்லியல் முதுநிலைப் பட்டமோ இருக்க வேண்டும். அகழாய்வுக் குழியில் ஒரு பருவமாவது மண்ணடுக்குகளை வரைந்திருக்க வேண்டும். தமிழ்க் கல்வெட்டை மைப்படி எடுத்துப் படிக்கத் தெரிய வேண்டும். அந்த வட்டாரத்து ஆடு மேய்ப்பவரிடமும் மலைவாழ் மூப்பரிடமும் உட்கார்ந்து பேசத் தெரிந்தவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அகழாய்வுகளில் கூலி வேலை பார்த்துக் கைபழகிய ஆண்களும் பெண்களும் அந்தக் குழுவில் சம்பளக்காரர்களாக வரட்டும். பட்டயம் முடித்துவிட்டு ஒப்பந்த வேலைக்கும் போட்டித் தேர்வுக்கும் நடுவே அலைகிற பிள்ளைகளுக்கு இது ஒரு தொழிலாகும்.

இரண்டு ஆட்சேபங்கள் வரும். திட்டம் தாமதமாகும் என்பது முதலாவது. சுற்றுச்சூழல் தரவு சேகரிக்க எப்படியும் ஒரு பருவம் முழுவதும் எடுத்துக்கொள்கிறார்கள்; அதற்குள்ளேயே நடந்து பார்த்துவிடலாம். இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: குவாரிக்காரர் பணம் கொடுக்க, குவாரிக்கு எதிராக ஆலோசகர் எழுதுவாரா? எழுத மாட்டார் என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் நான். அதனால் பணம் திட்டக்காரருடையதாக இருக்கட்டும். ஆளைத் தேர்ந்தெடுப்பது மாநிலத் தொல்லியல் துறையின் கையில் இருக்கட்டும். அறிக்கை நேராகத் துறைக்கும் மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் போகட்டும். தாக்க அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் தமிழில் தருவது இன்றைய விதி. தொல்லியல் பகுதி முழுவதும் தமிழில் இருந்தால்தான், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊர்க்காரர் எழுந்து “அங்கே ஒரு கல் வட்டம் விட்டுப்போச்சு” என்று சொல்ல முடியும்.

ரயில் பாதைகளையும் மறக்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் ரயில்வே திட்டங்களே இல்லை. சின்னசேலம்–கள்ளக்குறிச்சி பாதை போன்றவற்றுக்கு அந்த ‘இல்லை’ என்ற வரியை எழுதக்கூட ஆள் வேண்டியதில்லை.

நாபெட் பட்டியலில் 13-ஆவது துறையாகத் தொல்லியலைச் சேர்க்க டெல்லி மனம் வைக்க வேண்டும். அதுவரை காத்திராமல், மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் தமிழ்நாட்டுக் குவாரி மனுக்களுக்கு இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். 2019-இல் பிறந்த, நினைவுச் சின்னப் பட்டியலும் இனிமேல்தான் வளர வேண்டிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் முதலில் செய்து பார்க்கட்டும். நடந்து தேடியபின் எதுவும் கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்றே எழுதலாம். கீழே ஒரு தொல்லியலாளர் தன் பெயரோடு கையெழுத்துப் போடட்டும்.