வலம்வருதலும் கோட்டை நடையும்

தென்காசிக் கோயில் வாயிற்காற்றைப் பற்றி ஊரார் பெருமையோடு சொல்வதுண்டு. ஆனி, ஆடி மாதங்களில் மலைப்பக்கமிருந்து வரும் காற்று, கோபுரத்தில் நுழைகிறவரை முதலில் எதிர்த்துத் தள்ளும். சில அடிகள் கடந்ததும் அதே காற்று முதுகில் கைவைத்து உள்ளே செலுத்தும் என்பார்கள். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் இதைத் திட்டமிட்டே கட்டினானா என்பது வேறு கேள்வி. விலக்கப்பட்டு, பின் ஏற்கப்படும் அந்த உடலனுபவம் மட்டும் நம்மைப் பலநாள் சிந்திக்க வைத்திருக்கிறது.

மேலைநாடுகளில் 'லாபிரிந்த்' நடை என்றொரு தியானப் பயிற்சி சில பத்தாண்டுகளாகப் பரவியிருக்கிறது. பிரான்சின் ஷார்த்ர் தேவாலயத் தளத்தில் 13ஆம் நூற்றாண்டில் பதிக்கப்பட்ட 11 சுற்றுப் பாதை பலருக்கும் முன்மாதிரி. வழி தவறச் செய்யும் புதிர்வழியன்று இது. பாதை ஒன்றே, கிளைகள் கிடையாது, நடந்தால் நடுவை அடையலாம், வந்த வழியே திரும்பலாம். இதைக் கேட்டதும் நம்மவர் சிலர், "பிரகாரம் சுற்றுவதுதானே இது! குற்றாலநாதர் கோயிலே சங்கு வடிவில் அமைந்ததல்லவா?" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இந்த அவசரத்தில் நமக்கு உடன்பாடில்லை.

வலம்வருகையில் மூலவர் எப்போதும் நம் வலப்புறமே இருக்கிறார். தொலைவு ஏறக்குறைய மாறுவதில்லை. எவ்வளவு நடந்திருக்கிறோம், இன்னும் எவ்வளவு என்பதும் தெரிந்ததே. ஏழு சுற்று லாபிரிந்தில் அப்படியில்லை. வெளியிலிருந்து எண்ணினால் நாம் நுழைவது மூன்றாம் சுற்றில். அங்கிருந்து இரண்டு, ஒன்று என வெளிப்புறம் தள்ளப்படுகிறோம். பிறகு நான்கு, உடனே ஏழு. நடு இப்போது கையெட்டும் தொலைவில். ஆனால் பாதை மறுபடி ஆறு, ஐந்து என்று விலக்கிக்கொண்டு போகிறது. இனி இல்லை என்று மனம் சலிக்கும் அந்த ஐந்தாம் சுற்றிலிருந்துதான் நடுவுக்கு வழி திறக்கிறது. வலம்வருதல் வழிபாடு, இதுவோ பொறுமைக்கு வைக்கும் சோதனை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே கெடும்.

இதற்கு நேரான சொத்து நம்மிடம் வேறிடத்தில் இருக்கிறது. அதன் பெயர் கோட்டை. மார்கழியில் வாசலில் இடப்பட்ட கோட்டைக் கோலங்களையும், அதே வடிவில் குத்தப்பட்ட பச்சைகளையும் பற்றி ஜான் லேயார்டு 1937இல் 'ஃபோக்லோர்' இதழில் விரிவாக எழுதினார். கிருஷ்ணகிரிப் பக்கம், பெருங்கற்கால ஈமச்சின்னங்களுக்கு அருகே, தரையில் கற்களை அடுக்கிய ஏழு சுற்றுக் கோட்டை உண்டு. பொள்ளாச்சியை அடுத்த கெடிமேட்டில் சதுர வடிவில் ஒன்று. இவை பெயர்த்தெடுக்க எளிய கற்கள். நாலு கல் இடம் மாறினால் சுவர் உடையும், பாதை குழம்பும்; கோட்டை வெறும் கற்குவியலாகிவிடும். வரலாற்றுச் சின்னம் என்றால் கோபுரமும் கல்வெட்டும் என்றே பழகிய நம் கண்ணுக்கு முழங்காலளவு உயரமில்லாத இக்கற்கள் படுவதில்லை. நம் வகுப்பில் கேட்டபோது ஒருவரும் இப்பெயரை அறிந்திருக்கவில்லை. முதுகலைத் தமிழ் வகுப்பு அது! அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. நாமே நாற்பது வயதுக்குமேல்தான் அறிந்தோம்.

பழந்தமிழர் அறிவியல், நரம்புக்கு நல்லது என்றெல்லாம் விளம்பரம் செய்து இதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. போட்டுப் பார்த்தால் போதும். நடுவில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு மூலைகளில் நான்கு மடக்குக் கோடுகள். அவற்றுக்கு அப்பால் நான்கு புள்ளிகள். இந்த 16 முனைகளையும் எட்டு வளைவுகளால் வரிசையாக இணைத்தால் கோட்டை எழுந்துவிடும். பாதை ஒன்றரை அடி அகலமென்றால் 24 அடிச் சதுரம் வேண்டும். குற்றாலத்து விடுதியறையில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? தாளில் வரைந்து விரலால் நடக்கலாம். திருவிழா நாளில் தடுப்புக் கம்பிகளுக்கிடையே வளைந்து வளைந்து போவதும் கிளையற்ற ஒற்றைப் பாதைதான்; அங்கே மட்டும் ஏன் முன்னால் நிற்பவரின் குதிகாலை மிதிக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொண்டதுண்டு.

தந்தையார் மறைந்த ஆண்டில் மொட்டை மாடியில் சுண்ணக்கட்டியால் கோட்டை போட்டு நடக்கத் தொடங்கினோம். துக்கம் தீர்ந்தது என்று சொல்லமாட்டோம். ஆறாம் சுற்றில் திரும்பும்போது மட்டும் ஒவ்வொரு நாளும் கால் தயங்கும். சாரல் காலத்தில் கோடுகள் ஓரிரவு தங்குவதில்லை. விடிந்ததும் முதல் வேலை, ஈரம் காய்ந்த இடம் பார்த்துக் கூட்டல் குறி போடுவது.