விராலடிப்பான் தவறவிட்ட மீன்

எங்கள் வீட்டு நடையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஊசுட்டேரியில் நான் எடுத்தது. பட்டுப்போன மரக்கிளையில் ஒரு விராலடிப்பான், அதன் காலடியில் செதில் மின்னும் மீன். வருகிறவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். எடுத்த அடுத்த நிமிடம் என்ன நடந்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இந்தப் பறவை முதலில் 'பல்புஸார்' என்ற பெயரில்தான் அறிமுகம், அதுவும் புத்தகத்தில். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் ஏரிகளுக்கு வரும். உணவு கிட்டத்தட்ட மீன் மட்டும்தான். வானில் ஓரிடத்தில் சிறகடித்து நின்று பார்த்து, கால்களை முன்னே நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழும். பாதத்தின் அடியில் முள் முள்ளாகச் சொரசொரப்பு. வெளிவிரலைப் பின்னால் திருப்பிக்கொள்ளவும் முடியும். வழுக்கும் மீனைப் பிடிக்க இவ்வளவு ஏற்பாடு! பிறகு நனைந்த உடம்போடு மேலெழும்பி ஒரு உதறு உதறி, மீனின் தலை முன்பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். இவ்வளவு இருந்தும் ஒவ்வொரு முறையும் கிடைத்துவிடாது. அன்று என் கண்ணெதிரே இரண்டு முறை வெறுங்காலோடு திரும்பியது.

மூன்றாவது முறை மீனோடு வந்து மரத்தில் உட்கார்ந்தது. நான் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினேன். பறவை தின்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. படம் அப்போதே கிடைத்துவிட்டது. அதோடு நின்றிருக்க வேண்டும். கண் இன்னும் தெளிவாக விழட்டுமே என்று மேலும் நாலு அடி வைத்தேன். சட்டென்று எழும்பியது. அவசரத்தில் பிடி அமையவில்லை, மீன் கீழே விழுந்தது. எங்கிருந்தோ இரண்டு காக்கைகள் வந்து இழுக்க ஆரம்பித்தன.

சிறுவயதில் மனப்பாடம் செய்த லா ஃபோந்தேன் கதையில் நரியின் பேச்சில் மயங்கிக் காகம் பாலாடைக்கட்டியைத் தவறவிடும். இங்கே காகத்துக்கு லாபம். நரி நான்தான். ஆனால் கதையில் வரும் நரிக்காவது பசி இருந்தது.

இப்போது சிலர் மீன் வாங்கிவந்து தண்ணீரில் வீசி, செம்பருந்து இறங்குவதைப் படமெடுக்கிறார்கள். "சாப்பாடுதானே சார் போடுறோம்?" என்றார் ஒருவர். கோப்புகளோடு காலம் கழித்தவன், சட்டத்தைப் புரட்டாமல் இருக்க முடியுமா? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கு உள்ள விளக்கத்தில், கொல்வது, கண்ணி வைப்பதோடு, விரட்டுவதும் இரை காட்டி இழுப்பதும் சேர்த்தே எழுதியிருக்கிறது. அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார். என் நாலு அடியை நான் அவரிடம் சொல்லவில்லை.

இரையோடு இருக்கும் பறவையைப் படமெடுக்கவே கூடாது என்பவன் அல்ல நான். என் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் அந்த மீன் ஜிலேபி என்று தெரிந்துகொண்டேன். எந்த ஏரியில் எந்தப் பறவை எதைத் தின்கிறது என்பதற்கு இப்படிப்பட்ட படங்களும் சாட்சி. ஆனால் நாம் போன பிறகும் அது தின்றுகொண்டிருக்க வேண்டும். அது தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தால், நம் கால் அங்கேயே நிற்க வேண்டும்.

போன தை மாதம் தூரத்தில் உட்கார்ந்து ஒன்று எடுத்தேன். முழு மீனையும் தின்று முடிக்கும்வரை இருந்தேன். படத்தில் பறவை கட்டைவிரல் அளவுதான். பேரன் பார்த்துவிட்டு, "தாத்தா, இது காக்காவா?" என்றான். பழையதை எடுத்துவிட்டு இதை மாட்டச் சொல்கிறேன். மருமகள் இன்னும் சம்மதிக்கவில்லை.