களமும் கதவும்
இணையவழி விளையாட்டும் லினக்ஸ் பாவனையாளரும்: ஒரு மறுப்புரை

விளையாட்டென்பது வெறும் பொழுதுபோக்கன்று. ஒரு சமூகம் தன் உறுப்பினரைத் தன்னுள் இருத்திக்கொள்ளும் வழிகளுள் அதுவும் ஒன்று. மட்டக்களப்புப் பிரதேசத்திற்கு இவ்வுண்மை புதிதன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து நிற்கும்; வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி இரு சேரியாரும் இழுப்பர். ஒருவன் எச்சேரியைச் சார்ந்தவன் என்பது அவன் குடிவழியாற் பெறப்படுமேயன்றி, அவன் வீட்டுக் கூரை ஓடா, ஓலையா என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை.

இன்று வாவியின் இரு கரைகளிலும் வாழும் இளைஞர் கூடி ஆடும் களம் இணையத்திற்கு இடம் பெயர்ந்துள்ளது. அக்களத்தின் வாயிலில் நின்று, “உன் கணினியை இயக்குவது எது?” எனக் கேட்டுச் சிலரைத் திருப்பி அனுப்பும் உரிமையைப் பெரும் விளையாட்டு நிறுவனங்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டுள்ளன. இவ்வுரிமைக்கு நியாயம் உண்டா? இல்லை என்பதும், இதற்காகக் கூறப்படும் காரணங்கள் ஆராயுமிடத்து நிலைபெறா என்பதும் இங்கு நிறுவப்படும்.

முதலிற் பிரச்சினையின் தன்மையை நோக்குதல் வேண்டும். கணினியின் வன்பொருளுக்கும் அதனைப் பயன்படுத்துவோனுக்கும் இடையில் நின்று பணியாற்றுவது பணிசெயல் முறைமை. மேசைக் கணினிகளிற் பெரும்பான்மையானவற்றை ஆள்வது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். இதற்கு மாற்றாக நிற்பது, 1983ஆம் ஆண்டு றிச்சட் ஸ்ரோல்மன் தொடக்கிய குனூ திட்டமும் 1991ஆம் ஆண்டு லினஸ் தோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்து உருவாகிய கட்டற்ற மென்பொருள் மரபு. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அயலவனுக்குப் பகிர்ந்தளிக்கலாம். இவற்றுள் எதுவும் சட்டத்திற்குப் புறம்பானதன்று.

இது வசதி படைத்தோரின் விருப்பத் தெரிவாக மட்டும் இருந்திருப்பின் இவ்வளவு தூரம் வாதிடத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று வீதம், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியது. அதன்பின் ஓரளவு இறங்கிய போதிலும் பழைய நிலைக்கு மீளவில்லை. இறக்குமதிப் பொருளாகிய கணினியின் விலை இதனால் எவ்வளவு உயர்ந்தது என்பதை மாணவரைக் கொண்ட எந்தக் குடும்பமும் அறியும். இந்நிலையில், 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. பதிவு செய்துகொள்வோருக்குத் தற்காலிக நீட்டிப்பு ஒன்றை மட்டுமே அளித்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 இன் வன்பொருள் நிபந்தனைகளுள், ஏறக்குறைய 2018ஆம் ஆண்டிற்கு முன் வெளிவந்த பெரும்பாலான கணினிகள் அடங்கா. ஆகவே, களுவாஞ்சிக்குடியிலோ கொக்கட்டிச்சோலையிலோ பழைய கணினியொன்றை வைத்திருக்கும் மாணவன் முன் மூன்று வழிகள் உள: புதிய கணினி வாங்குதல், பாதுகாப்பற்ற அல்லது திருட்டுப் பிரதியோடு காலந்தள்ளுதல், லினக்ஸிற்கு மாறுதல். முதலாவதற்கு வசதியில்லை. இரண்டாவது நேர்மையன்று. மூன்றாவதைத் தேர்ந்தவனையே விளையாட்டு நிறுவனம் தண்டிக்கின்றது. சட்டப்படி நடந்தவன் களத்திற்கு வெளியே நிற்க, திருட்டுப் பிரதி வைத்திருப்பவன் உள்ளே ஆடுகின்றான்!

நிறுவனங்களின் முதல் வாதம் எண்ணிக்கை பற்றியது. லினக்ஸ் பாவனையாளர் மிகச் சிலரே; அவர்களுக்காக ஏன் உழைக்க வேண்டும் என்பர். உலகின் பெரிய கணினி விளையாட்டு விற்பனைத் தளமாகிய ஸ்டீம் நடத்தும் மாதாந்தக் கணிப்பில், லினக்ஸ் பாவனையாளரின் பங்கு 2025 ஒக்டோபரிலேயே முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சிறு பங்கே; மறுப்பதற்கில்லை. ஆயின் 2021ஆம் ஆண்டிலேயே அத்தளத்தை மாதந்தோறும் பயன்படுத்தியோர் 13 கோடிக்கு மேற்பட்டோர். அத்தொகையின் 3 சதவீதம் 39 இலட்சம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 25 ஆயிரம். இத்தகைய ஏழு மாவட்டங்களின் மக்களைச் ‘சிலர்’ என ஒதுக்குவதற்கு அசாத்தியத் துணிவு வேண்டும்.

எண்ணிக்கை வாதத்தின் அடிப்படைக் குறை இதனினும் ஆழமானது. 2014ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, படுவான்கரை மக்கள் மண்முனைத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையிலேயே வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தனர். அன்று பாதையில் ஏறியோரை மட்டும் எண்ணி, “இத்துணைச் சிறு தொகையினருக்குப் பாலம் எதற்கு?” என ஒருவர் கேட்டிருப்பின், அக்கேள்வியின் பேதைமை எவருக்கும் விளங்கியிருக்கும். கடப்போர் குறைவாயிருந்தமைக்குக் காரணங்களுள் ஒன்று பாலமின்மையே அன்றோ? விளையாட்டு இயங்காமையால் லினக்ஸிற்கு மாற அஞ்சுவோர் பலர். அவர்கள் மாறாமையைச் சான்றாகக் காட்டியே விளையாட்டு மறுக்கப்படுகின்றது. தன் மறுப்பு விளைவித்த குறையைத் தன் மறுப்பிற்குக் காரணமாகக் காட்டுவது தருக்கமாகாது.

இரண்டாவது வாதம் செலவு பற்றியது. முன்பு இதற்கு ஓரளவு வலுவிருந்தது. ஆயின் வால்வ் நிறுவனம் 2018 ஓகஸ்டில் புரோட்டன் என்னும் இடைமென்பொருளை வெளியிட்டபின் நிலைமை மாறிற்று. விண்டோஸிற்கென எழுதப்பட்ட விளையாட்டுகளை மீள எழுதாமலே லினக்ஸில் இயக்க அது வழி செய்தது. 2022 பெப்ரவரியில் வெளிவந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி இவ்வடிப்படையிலேயே இயங்குகின்றது. மோசடித் தடுப்பு மென்பொருள்களாகிய ஈசி அன்ரி-சீற், பட்டில்ஐ ஆகிய இரண்டும் புரோட்டனுக்கு ஆதரவளிப்பதாக 2021 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டது. விளையாட்டை வெளியிடுவோர் இசைந்தாற் போதும். பாலத்தைப் பிறர் கட்டி முடித்துவிட்டனர். எஞ்சியிருப்பது தடைக்கம்பத்தை உயர்த்துவதே. அதனையும் செய்ய மறுக்கின்றனர். 2024 செப்டெம்பரில் கிராண்ட் தெப்ட் ஓட்டோவின் இணையவழிப் பகுதிக்குப் பட்டில்ஐ சேர்க்கப்பட்டபோது, அதுவரை ஆடிவந்த லினக்ஸ் பாவனையாளர் வெளியேற்றப்பட்டனர். 2024 ஒக்டோபர் 31இல் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் விளையாட்டும், தான் முன்பு திறந்துவைத்த கதவைத் தானே மூடியது. விலை கொடுத்து வாங்கியவனிடமிருந்து வாங்கிய பொருளை மீளப் பறிப்பதற்கு வணிக அறத்தில் என்ன பெயர்?

மூன்றாவது வாதம் மோசடி பற்றியது, இது புறந்தள்ளத்தக்கதன்று. லினக்ஸின் கருவையே பாவனையாளர் மாற்றியமைக்கலாமாதலின், கணினியினுள் நின்று மோசடியைக் கண்டறிவது அங்கு கடினம் என்பது உண்மை. நேர்மையாய் ஆடுவோர் மோசடிக்காரரால் அலைக்கழிக்கப்படக் கூடாதென்பதும் உண்மை. ஆயின் இதற்கு நிறுவனங்கள் கண்ட பரிகாரம் யாது? பணிசெயல் முறைமையின் கருவினுள்ளேயே தம் காவலாளியை அமர்த்துதல். களத்திலே நின்று ஆட்டத்தைக் கவனிக்க வேண்டிய நடுவர், ஆடுவோனின் வீட்டுத் திறப்பைக் கேட்பது போன்றது இது. இதன் ஆபத்து கற்பனையன்று. ஜென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் மோசடித் தடுப்புச் செலுத்தி மென்பொருளைக் கைக்கொண்டு, கப்பம் கோரும் தீநிரல் பரப்புவோர் பாதுகாப்பு மென்பொருளை முடக்கிய செய்தி 2022இல் வெளிவந்தது. 2024 ஜூலை 19இல் குரவுட்ஸ்ரைக் நிறுவனத்தின் கருநிலைப் பாதுகாப்பு மென்பொருளுக்கு வழங்கப்பட்ட பிழையான இற்றைப்படுத்தலொன்று ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நிலைகுலையச் செய்தது. கருவினுள் அந்நியரை அனுமதிப்பதன் விலை இதுவாயின், அதனை மறுக்கும் பாவனையாளனைக் குற்றவாளியாகக் காண்பது எவ்வாறு பொருந்தும்? டோட்டா 2, கவுண்டர்-ஸ்ரைக் 2 ஆகிய பெரும் போட்டி விளையாட்டுகள் லினக்ஸிலும் நேரடியாக இயங்குகின்றன. சேவையகத்தில் ஆட்டத்தின் போக்கை ஆராய்ந்து மோசடியைக் கண்டறியும் வழியும் உண்டு. அது குறையற்றதன்று, ஆனால் கருநிலைக் காவல் உள்ள விண்டோஸிலும் மோசடி ஒழிந்தபாடில்லை.

இவர்களின் முரண்பாடு இன்னுமொன்றுண்டு. உலகின் இணையச் சேவையகங்களிற் பெரும் பகுதி லினக்ஸில் இயங்குவது; இணையவழி விளையாட்டுகள் பலவற்றின் சேவையகங்களும் அத்தகையவே. இளைஞர் கைகளிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியின் கருவும் லினக்ஸே. ஆயிரக்கணக்கான தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்த மென்பொருளை விலையின்றிப் பெற்று இலாபமீட்டுவோர், அதே மென்பொருளைத் தன் மேசையில் வைத்திருப்பவனை வாயிலில் நிறுத்துவது உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதாகும்.

“இது வெறும் விளையாட்டுத்தானே; இப்பிரதேசத்திற்கு வேறு கவலைகள் இல்லையா?” என வினவும் பெரியோரும் உளர். இலங்கை 2019ஆம் ஆண்டிலேயே மின்விளையாட்டை விளையாட்டாக அங்கீகரித்தது. 2023இல் நடைபெற்ற ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் அதற்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அங்கு இடம்பெற்ற டோட்டா 2 இனை லினக்ஸ் பாவனையாளன் பயிலலாம். அதே விழாவில் இடம்பெற்ற லீக் ஒஃப் லெஜண்ட்ஸினையோ, 2024இல் அதனுட் சேர்க்கப்பட்ட கருநிலைக் காவலின்பின், அவனால் ஆட முடியாது. நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்தும் வாய்ப்பு கணினியின் வயதால் வரையறுக்கப்படுமாயின், அதனை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடல் தகாது.

சிறு குழுவினர் ஆக்கும் விளையாட்டுகள்மீது எல்லாச் சுமையையும் ஏற்றுதல் நீதியாகாது. பெரும் நிறுவனங்களிடம் கோரப்படுவது மூன்றே: தாம் பயன்படுத்தும் மோசடித் தடுப்பு மென்பொருள் லினக்ஸிற்கு இடமளிக்குமாயின் அதனைத் திறந்துவிடல்; ஒருமுறை அளித்த ஆதரவை மீளப் பெறின் வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பியளித்தல்; போட்டியல்லாத, நண்பர் தம்முட் கூடி ஆடும் பகுதிகளையேனும் யாவருக்கும் விடுதல். பல்கலைக்கழக மாணவருக்கும் இதிற் பணியுண்டு. பீடங்களுக்கும் மன்றங்களுக்கும் இடையே மின்விளையாட்டுப் போட்டிகளை ஒழுங்கு செய்வோர், எல்லா முறைமைகளிலும் இயங்கும் விளையாட்டுகளையே தெரிவு செய்தல் வேண்டும். தொலைதூர நிறுவனத்தின் வாயில் திறக்கும் வரை காத்திராது, தம் கையிலுள்ள வாயிலை அவர்கள் இவ்வாண்டே திறக்கலாம்.